எடை மெஷின் மேல் நானும் ஒரு பெட்டியும்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மும்தாஜ் சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் நாலு வரி கூடுதலாக இருக்கும்.

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியை எடை போட ஒரு முறை வைத்திருக்கிறோம். குளியலறை எடை மெஷின் மேல் பெட்டியை வைத்தால் எண் பெட்டிக்கு அடியில் மறைந்துபோகும். ஆகவே பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாமே மெஷினில் ஏறி நிற்க வேண்டும். வருகிற எண்ணிலிருந்து நம் எடையைக் கழித்தால் மிச்சம் பெட்டியின் எடை. அது இருபத்துமூன்று கிலோவுக்குள் இருந்தால் விமானத்தில் பேசாமல் ஏற்றிக்கொள்வார்கள்.

போன வருடம் ராஜபாளையத்துக்குக் கிளம்பியபோது மற்றப் பெட்டிகளை மும்தாஜ் தூக்கி எடை போட்டாள். கனமான ஒன்றை வீரத்தோடு நான் எடுத்துக்கொண்டேன். ஏறி நின்றதும் எங்கள் மகள் நிலோபர் குனிந்து எண்ணைப் படித்தாள். நூற்றுப் பதினான்கு.

"என் எடை எண்பத்திரண்டு. அப்ப பெட்டி முப்பத்திரண்டு. ஒம்பது கிலோ எறக்கணும்" என்றேன்.

"மொத நீங்க தனியா ஏறிப் பாருங்க" என்றாள் மும்தாஜ்.

"எனக்கு என் எடை தெரியாதா? லைசென்ஸ்லயே போட்டுருக்கு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத இடங்களில்தான் நான் எப்போதும் விழுவேன். பெட்டியைத் திறந்து பாதாம், பிஸ்தா, சாக்லேட் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மும்தாஜின் அண்ணன் ஜாபர் மச்சானுக்கென்று அவள் தேடி வாங்கிய, நடப்பதற்கான ஷூவும் வெளியே போனது. மறுபடி ஏறினேன். நூற்றைந்து. கச்சிதமாக இருபத்துமூன்று என்று பூட்டிவிட்டேன்.

விமான நிலைய கவுன்ட்டரில் பெட்டியை வைத்தபோது திரையில் பன்னிரண்டு என்று வந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தபடி எனக்குப் பின்னால் நின்றவரின் பெட்டியை வைத்துக் காட்டினாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பதினோரு கிலோ கொண்டுபோகலாம் ஐயா, என்றாள்.

மும்தாஜ் ராஜபாளையத்தில் பி.காம். முடித்தவள்.

"நேத்து ரெண்டும் சேந்து நூத்தஞ்சு. பெட்டி பன்னெண்டு. அப்ப நீங்க தொண்ணூத்திமூணு" என்றாள். பிறகு வரிசையில் நிற்கிற யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் குரலை உயர்த்தினாள். "எங்க அண்ணனுக்கு வாங்குன ஒம்பது கிலோவ வீட்டுல வச்சிட்டு, பதினோரு கிலோவ வயித்துல கட்டித் தூக்கிட்டு வாரீக."

எங்களுக்குப் பின்னால் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். திருநெல்வேலிக்காரராம்.

2

எண்பத்திரண்டு என்பது நான் கற்பனை செய்த எண் அல்ல. அரசாங்க முத்திரை உள்ள எண்.

அமெரிக்காவில் நான் இருக்கும் ஒஹாயோ மாநிலத்தில் ஓட்டுநர் உரிமத்தில் நம் உயரமும் எடையும் போட்டிருக்கும். நான் இங்கு வந்து பதினைந்து வருடமாகிறது. வந்தபோது அறுபத்தெட்டு கிலோ. மூன்றாம் வருடம் லைசென்ஸ் எடுத்தபோது கவுன்ட்டரில் எடை கேட்டார்கள். பவுண்டில் நூற்றெண்பது என்றேன். நம் கணக்கில் எண்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் 'விவரங்களில் மாற்றம் உண்டா' என்று ஒரு கேள்வி வரும். 'இல்லை' என்பதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கம் போவேன். என் பெயரில் ஓர் எழுத்து பிசகியபோது அதைத் திருத்த இரண்டு பிரமாணப் பத்திரமும் ஒரு சாட்சியும் கேட்ட அரசாங்கம், என் வயிற்றைப் பற்றி மட்டும் நான் சொன்னதை அப்படியே நம்பியது. நானும் அரசாங்கத்தை நம்பினேன். வீட்டு மெஷினில் ஏன் ஏறவில்லை என்று கேட்காதீர்கள். அரசாங்கம் அளந்து எழுதியதை ஒருவன் ஏன் மறுபடி அளக்க வேண்டும்?

அறுபத்தெட்டிலிருந்து தொண்ணூற்றுமூன்று. இருபத்தைந்து கிலோ. ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் இன்னொரு பெட்டியை உடம்புக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் எந்த விமானத்திலும் அபராதம் கிடையாது.

எப்படிக் கட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் வீட்டுக்குள்ளிருந்தே கார் ஷெட்டுக்குக் கதவு. ஆபீஸின் கார் நிறுத்துமிடத்திலிருந்து நாற்காலிக்கு எழுபது எட்டு. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், லிஃப்ட் உள்பட. அந்த நாற்காலியில் எட்டு மணி நேரம். பக்கத்து அறையில் சும்மா கிடைக்கும் தின்பண்டம். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாரும் என்னைப் பழக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கடை ஜன்னலோரம் காரை நிறுத்தினால் பொட்டலம் கைக்கு வரும். காருக்குள்ளேயே சாப்பிட்டு, காருக்குள்ளேயே கை துடைத்து, அப்படியே திரும்பிவிடலாம். ஒரு சாயங்காலம் சும்மா தெருவில் நடந்தேன். எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய்க் காரை நிறுத்தி, உன் வண்டி எங்கே பழுதாகி நிற்கிறது என்று கேட்டார். அவர் மனம் கோணக் கூடாதே என்று ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

சனி, ஞாயிறு என்றால் யார் வீட்டிலாவது விருந்து. ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. நாலு பேர் பிரியாணி கொண்டுவருவார்கள், நாலையும் சாப்பிடாவிட்டால் மூன்று பேருக்கு வருத்தம். நோன்பு மாதத்தில் எடை கூடிய மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பகல் முழுக்கப் பட்டினி கிடந்ததற்குச் சமூசாவும் வடையும் நோன்புக்கஞ்சியுமாக நான் வசூலித்த நஷ்டஈடு அப்படி.

ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு டாக்டரம்மா ஒருவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சர்க்கரை வாசலில் நிற்கிறது என்றார். ஒரு வருடம் தருகிறேன், உள்ளே விடுவதும் விரட்டுவதும் உன் இஷ்டம், பிறகு மாத்திரைதான். அதை நான் மும்தாஜிடம் சொல்லவில்லை. என்னைப் பெற்ற அத்தாவுக்குச் சர்க்கரையால் இடது கால் பெருவிரலை எடுத்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் செருப்பு மாட்டும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்போம்.

3

ஊருக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ஜாபர் மச்சானின் மாங்காய் மண்டிக்குப் போனேன். சீசன். சேத்தூர், தேவதானம் பக்கமிருந்து வந்த சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ணமும் பிளாஸ்டிக் டிரேக்களில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். விமான நிலையக் கதையைத் தங்கை அதற்குள் அண்ணனிடம் ஒப்பித்திருந்தாள்.

"வாங்க மாப்ள. இங்கன ஏறுங்க" என்று எலெக்ட்ரானிக் தராசைக் காட்டினார். "எங்க தராசு லைசென்ஸ் பாத்து எடை சொல்லாது."

ஏறினேன். சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றுமூன்று கிலோ நானூறு. லோடு இறக்கிக்கொண்டிருந்த சுடலை வந்து பார்த்தான். மண்டியில் டிரேயின் எடைக்குக் கழிவு போடுவார்கள்.

"சட்டை, பேண்டுக்கு நானூறு கழிவு போட்டுக்கிடலாம் மொதலாளி. உருப்படி தொண்ணூத்திமூணு."

"காய் எப்படிலே?" என்றார் மச்சான்.

"நல்லாப் பழுத்துட்டு மொதலாளி. இன்னும் வச்சிருந்தா தாங்காது."

நான் தயாராக வந்திருந்தேன். அந்த நாட்டுச் சாப்பாடு அப்படி, அந்த நாட்டு வாழ்க்கை அப்படி, நாடே குண்டாகிக்கொண்டு வருகிறது, அதில் நானும் ஒருவன் என்று ஒரு சொற்பொழிவை விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். அதை ஆரம்பித்தேன். பாதியில் மச்சான் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திக்கொள்வதைப் பார்த்தேன்.

"மச்சான், நீங்க ஏறுங்க."

"எனக்கெதுக்கு?"

"ஏறுங்க."

தொண்ணூற்றெட்டு. அமெரிக்காவை வரைபடத்தில்கூடப் பார்க்காத மனிதர். என் சொற்பொழிவு அங்கேயே படுத்துவிட்டது.

பிறகு ஒரு வாரம் அவரைக் கூர்ந்து கவனித்தேன். மண்டியிலிருந்து டீக்கடை கூப்பிடு தூரம். அதற்கு ஸ்கூட்டர். காலை பதினோரு மணிக்கு டீயோடு பேக்கரி பப்ஸ். மத்தியானம் வீட்டில் கறிச் சோறு, பிறகு கல்லாப்பெட்டியில் சாய்ந்து ஒரு தூக்கம். ராத்திரி கடைப் பரோட்டாவும் சால்னாவும் போனில் சொன்னால் வாசலுக்கு வருகிறது. நான் பதினைந்து வருடம் கடல் கடந்து போய்க் கற்றுக்கொண்டதை அவர் இருந்த இடத்திலேயே கற்றிருக்கிறார்.

சுடலை மத்தியானம் எட்டுப் பரோட்டா சாப்பிட்டான், சால்னா மூன்று முறை. சாப்பிட்டுவிட்டு வேடிக்கைக்காகத் தராசில் ஏறினான். ஐம்பத்தெட்டு. ஒரு நாளைக்கு எத்தனை டிரே தூக்குவாய் என்று கேட்டேன். எண்ணினால் தூக்க முடியாது மொதலாளி என்றான். எனக்கு உறைத்த இடம் அதுதான். மூட்டை தூக்குகிறவனின் சாப்பாட்டை மவுஸ் பிடிக்கிறவன் சாப்பிட்டால் அந்தச் சோறு எங்கே போகும்? இதில் அந்த நாடு, இந்த நாடு என்று பேதம் இல்லை. முன்பு பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சாப்பிட்டதை இரண்டு ஊரிலும் இப்போது செவ்வாய்க்கிழமையே சாப்பிடுகிறோம். நடந்து போன இடத்துக்கெல்லாம் வண்டியில் போகிறோம். அப்புறம் கூடிப்போன எடைக்கு நாட்டைக் குற்றம் சொல்கிறோம்.

4

சொன்னேனே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமையே பால்கோவா சாப்பிட ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் கிளம்பினோம். மச்சான் ஓட்டினார். ஊருக்குள் நுழைந்ததும் நிலோபர் ஜன்னலைத் தட்டி, "அத்தா, நம்ம ஊர் கடை" என்று துள்ளினாள். கண்ணாடிக் கதவு போட்ட புது பீட்சா கடை. நம்ம ஊர் என்று அவள் சொன்னது ஒஹாயோவை. மும்தாஜ் என்னைப் பார்த்தாள், நான் சாலையைப் பார்த்தேன். இருவரையும் பீட்சா கடையில் இறக்கிவிட்டு நானும் மச்சானும் பால்கோவாக் கடைக்குப் போனோம்.

கடைக்குப் பின்னால் விறகடுப்பில் இரும்புச் சட்டி. ஒருவர் நீளக் கரண்டியால் இடைவிடாமல் கிண்டிக்கொண்டிருந்தார். நெஞ்செலும்பை எண்ணிவிடலாம்.

"அண்ணாச்சி, நீங்க இத சாப்பிடுறதில்லயா?" என்று கேட்டேன்.

"கிண்டுறவனுக்கு வாசமே தெகட்டிரும்ணே. நீங்க சாப்பிடுங்க, அதுக்குத்தான கிண்டுறோம்."

சூடாகக் கால் கிலோ வாங்கி, காருக்குள் உட்கார்ந்தே தின்றோம். ஒஹாயோ பழக்கம் மச்சானுக்கும் சுலபமாக வந்தது. கடைசி வாய் போட்டதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துச் சட்டென்று விழுங்கினார். அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். அத்தா வருடக்கணக்கில் போட்டது.

"எப்பருந்து மச்சான்?"

அவர் கண்ணாடி வழியாகப் பீட்சா கடைத் திசையைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வருசமாச்சு. தங்கச்சிட்ட சொல்லிராதீக மாப்ள. அது அங்கன கெடந்து அழும்."

"எனக்கும் வாசல்ல நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. உங்க தங்கச்சிக்குத் தெரியாது."

காருக்குள் இரண்டு பொய்யர்கள், நடுவில் காலிப் பால்கோவாத் தாள். அந்தத் தாளை மச்சான் நாலாக மடித்தார். பிறகு கேட்டார்.

"ஒங்க அத்தாவுக்கு எந்தக் காலு மாப்ள?"

"இடது."

"ம்."

மறுநாள் காலை மண்டியில் சுடலையைச் சாட்சி வைத்து ஒப்பந்தம் போட்டோம். அடுத்த சீசனுக்குள் ஆளுக்குப் பதினோரு கிலோ இறக்க வேண்டும். இறக்காதவன் அன்றைக்கு வருகிற முதல் வண்டி லோடைத் தன் தோளில் இறக்க வேண்டும். சுடலைக்கு இதில் பெரிய சந்தோஷம். யார் தோற்றாலும் அன்றைக்கு அவனுக்குப் பாதி வேலை மிச்சம்.

அன்று மத்தியானமே இரண்டு பொய்யையும் மும்தாஜிடம் சொன்னோம். அவள் அழவில்லை. அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த ஷூவ கொண்டாந்திருக்கலாம்" என்றாள்.

5

எனக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் மச்சானுக்கு விடியற்காலம். இரண்டு பேரும் காதில் போனை மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் நடக்கத் தொடங்கினோம். அவர் மண்டியிலிருந்து சஞ்சீவி மலை அடிவாரம் வரை, செருப்போடு. நான் எங்கள் தெருவில். எதிர்வீட்டுக்காரர் மறுபடி காரை நிறுத்தினார். வண்டி நன்றாக இருக்கிறது, ஆள்தான் பழுது என்றேன்.

பனி விழத் தொடங்கியதும் பக்கத்து வணிக வளாகத்துக்குள் நடந்தேன். அங்கே மார்த்தா என்று ஒரு பாட்டி தலைமையில் ஒரு கூட்டம் தினமும் நடக்கிறது. எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். முதல் நாள் மூன்று முறை என்னைக் கடந்து போனார்கள். நான்காம் முறை மார்த்தா நின்று, உனக்கு உட்கார நாற்காலி வேண்டுமா மகனே என்று விசாரித்தார். அந்த அவமானத்தில் இரண்டு கிலோ போயிருக்கும்.

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் நடந்ததற்குப் பரிசாகத் தினமும் சர்க்கரை பூசிய டோனட் ஒன்று தின்று அரைக் கிலோ ஏற்றினேன். மும்தாஜ் கண்டுபிடித்து என் தட்டை மாற்றினாள். நிலோபர் மூன்று வயதில் சாப்பிட்ட, யானைப் படம் போட்ட தட்டு. யானையின் காது தெரிகிற அளவுக்குத்தான் சோறு, மிச்ச இடமெல்லாம் காய். நிலோபர் ஞாயிற்றுக்கிழமை தோறும் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து எண்ணைப் படித்துக் காகிதத்தில் எழுதி, படமெடுத்து மாமாவுக்கு அனுப்புவாள். மாமாவின் எண்ணும் அவளுக்கு வரும். அவர்கள் இருவரும் அதற்கு முன் போனில் பேசியதெல்லாம் 'நல்லாருக்கியாம்மா', 'நல்லாருக்கேன்' மட்டும்தான். இப்போது, "மாமா, நேத்து பரோட்டா சாப்பிட்டீங்களா? பொய் சொல்லக் கூடாது" என்று அவளுடைய மழலைத் தமிழில் விசாரணை நடக்கிறது. ராஜபாளையத்தில் அவளுக்கு ஓர் ஆள் அகப்பட்டுவிட்டார்.

வருடம் முடிந்து டாக்டரம்மா என் தாளைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். வாசலில் யாரும் இல்லை என்றார்.

6

இந்த வருடம் கிளம்புவதற்கு முதல் நாள் அதே குளியலறை, அதே மெஷின், அதே பெட்டி. அணைத்துக்கொண்டு ஏறினேன். நிலோபர் குனிந்து நூற்றைந்து என்றாள்.

"என் எடை எண்பத்திரண்டு. பெட்டி இருபத்திமூணு" என்றேன்.

"மொத தனியா ஏறிப் பாருங்க" என்றாள் மும்தாஜ், பழக்க தோஷத்தில்.

நான் ஏறவில்லை. போன தடவை பயம், இந்தத் தடவை திமிர். கவுன்ட்டரில் பெட்டியை வைத்ததும் திரையில் இருபத்துமூன்று வந்து நின்றது, ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் எத்தனையோ பெட்டிகளைப் பார்த்திருப்பாள். இருபத்துமூன்று கிலோவுக்குக் கண் கலங்கியவனை அன்றுதான் பார்த்திருப்பாள். மும்தாஜ் எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல நாலு எட்டு தள்ளி நின்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். என் லைசென்ஸ் அன்று முதல் உண்மை பேசத் தொடங்கியது. அரசாங்கப் பதிவை நான் திருத்தவில்லை, அதற்குத் தகுந்தபடி என்னைத் திருத்திக்கொண்டேன். இதைவிட ஒரு குடிமகன் என்ன செய்ய முடியும்?

மண்டியில் மச்சான் முதலில் ஏறினார். எண்பத்தொன்பது. ஒன்பது கிலோ இறங்கியிருந்தது, ஒப்பந்தத்துக்கு இரண்டு பாக்கி. அவருடைய டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். என்னைப் பொறுத்தவரை அந்தப் பாதி மாத்திரையே ஒரு லோடு மாங்காய்க்குச் சமம். பேச்சை விட்டுவிடலாம் மச்சான் என்றேன்.

"பேச்சுன்னா பேச்சு மாப்ள" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் கொண்டுவந்த ஷூவைக் காலில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். சுடலை லாரியின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டியபடி, "மொதலாளி, முட்டிய மடக்கித் தூக்குங்க, முதுக வளைக்காதீக" என்று ஒரு வருடமாகக் காத்திருந்த அதிகாரத்தைச் செலுத்தினான்.

அந்த நேரத்தில் நான் தராசில் ஏறினேன். எண்பத்திரண்டு கிலோ நானூறு, சட்டைக்குக் கழிவு போக எண்பத்திரண்டு. சிவப்பு எழுத்து என் முகத்தில் பட்டு மின்னியது. மண்டியில் நின்ற வியாபாரிகளும் பார்த்தார்கள். இப்படி ஒரு மேடை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. போன வருடம் பாதியில் படுத்த சொற்பொழிவு தானாக எழுந்து நின்றது. குண்டாவது நாடு அல்ல, நாற்காலி என்றேன். தூக்குகிறவன் உண்பதைத் தூக்காதவன் உண்ணக் கூடாது என்றேன். யானைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். மார்த்தா பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்டுத் திரும்பினேன். ஜாபர் மச்சான் நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை, தோளில் டிரே நிறையச் சப்பட்டை, காலில் புது ஷூ.

"எறங்குங்க மாப்ள, காய எடை போடணும்."